மதிலில மறந்துபோன ஆணி

பேய் பிசாசுக் கதை ஆரும் தொடங்கினா நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போற ஆள். ஊரில செத்தவையைத் தூக்கினனான், குழி வெட்டினனான், கனநாள் வெயிலில கிடந்ததைச் சாக்கில அள்ளிக் கட்டினனான். ஒருத்தரும் எழும்பி வந்து என்னோட ஒரு கதை கதைக்கேல்லை. செத்தா முடிஞ்சுது, அவ்வளவுதான் எண்டு இருந்தனான். இதை வேற ஆரும் சொல்லியிருந்தா, உவனுக்கு விசர் எண்டிருப்பன். அதால நீங்களும் என்னைப் பற்றி அப்பிடி நினைச்சா நான் கோவிக்கமாட்டன். நடந்ததை நடந்த மாதிரி எழுதுறன். எனக்கு எழுத்துப் பெரிசா வராது, பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போட சரி. வாயாலயும் எனக்குக் கதை வராது. அது இந்தச் சம்பவத்துக்கு முக்கியம், அதாலதான் முதலே சொல்லுறன்.

நாங்கள் இருக்கிறது சூரிச்சில, ஓர்லிகோன் பக்கம். நான் ஒரு வயோதிபர் இல்லத்துக் குசினியில கோப்பை கழுவுறன், கனகாலமா அதே இடம், அதே மிசின். மிசினுக்குப் பக்கத்தில நிண்டா ஒருத்தரோடையும் கதைக்கத் தேவையில்லை, ஆவி வரும், கோப்பை வரும், எடுத்து அடுக்கினாச் சரி. வீட்டிலயும் நான் அப்பிடித்தான். என்ர மனிசி பவானி வாறபோற ஆக்களுக்குச் சொல்லிச் சிரிப்பா, இவர் கலியாண வீட்டில ஐயர் சொல்லச் சொன்னதைச் சொன்னவர், அதுக்குப் பிறகு வாய் திறக்கேல்லை எண்டு. முழுப் பொய்யும் இல்லை.

பவானிக்கு வருத்தம் வந்தது, வயித்துக்குள்ள கட்டி. மருந்து ஏத்தினவை, தலைமயிர் போச்சு, சாப்பாடும் போச்சு. ஒரு வாய் வைச்சா ரெண்டாவது வாய்க்கு முகத்தைத் திருப்புவா. பேர்ணில உள்ள ஒரு ஆஸ்பத்திரியில ஒரு டொக்டர்தான் அந்தக் கட்டியை வெட்டி எடுக்கிற ஒப்பரேசன் செய்யிறவராம், அவரிட்டை அனுப்பினவை. திங்கக்கிழமை விடிய வரச்சொல்லி நாளும் குறிச்சாச்சு. செய்யாட்டி அடுத்த கோடை காணமாட்டா எண்டு மகளுக்குச் சொன்னவை, மகள் எனக்குச் சொன்னா.

பவானி வெட்ட விடமாட்டன் எண்டிட்டா. சத்தம் போடேல்லை, அழேல்லை. போதும் எண்டு ஒரு சொல்லு. அதுக்குப் பிறகு அந்தக் கதையை ஆரும் எடுத்தா யன்னலுக்கால வெளிய பாப்பா.

மகள் சாரு பிரெஞ்சு கதைக்கிற பக்கம், ரெனான் எண்ட ஊரில இருக்கிறா, வேலையும் அங்கதான். இஞ்ச பிறந்த பிள்ளை, எல்லாத்தையும் இருந்து கதைச்சாத் தீரும் எண்டு நினைக்கிற பிள்ளை. அவதான் யோசிச்சு பேர்ண் பழைய ஊருக்குள்ள எங்களுக்கு ஹொட்டேலில அறை போட்டவ. சனி ஞாயிறு போய் நில்லுங்கோ, வடிவான ஊர், அம்மா கொஞ்சம் உலாவட்டும், நான் ஞாயிறு வந்திடுவன், திங்கள் எல்லாரும் ஒண்டா ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு போனில சொன்னா. கடைசியாச் சொன்னா, "அப்பா, நீங்கள்தான் கதைக்கோணும். நான் சொன்னா அம்மா கேக்கிறா இல்லை."

ஓம் எண்டு சொல்லிப் போனை வைச்சிட்டன். பிறகு வேலையில நிண்டு யோசிச்சன், என்னத்தைக் கதைக்கிறது எண்டு. ஒண்டும் வரேல்லை. கோப்பைதான் வந்தது.

ஒரு ஹொட்டேலுக்குள்ள முன் கதவால நான் போனது அந்தமுறைதான். முந்தி லுசேர்ணில வேலை செய்யேக்க எல்லாம் பின் கதவு, குப்பைத் தொட்டிப் பக்கம். அதைப் பவானியிட்டைச் சொல்ல, அப்ப இந்தமுறையாவது கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிந்து வாங்கோ எண்டா. வெட்ட விடமாட்டன் எண்டாலும் ஊர் பாக்க வரமாட்டன் எண்டு சொல்லேல்லை. பாத்துப்போட்டு ஞாயிறே வீட்டை திரும்பிறது எண்டு அவவின்ர மனசுக்குள்ள கணக்கு.

சனிக்கிழமை விடிய எழும்பி, நிக்க ஏலாத உடம்போட, ஆட்டிறைச்சி பொரிச்சா. அரிசிமாப் புட்டும் அவிச்சா. அவவுக்கு இல்லை, எனக்கு. நான் வெளிச் சாப்பாடு பெரிசாத் தின்னமாட்டன் எண்டு அவவுக்குத் தெரியும். ரெண்டையும் பெட்டியில போட்டு, மேல ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பையில சுத்தி ஆணியையும் வைச்சா.

ஆணி ஏன் எண்டு தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். பொரிச்ச இறைச்சி, மீன் எதையும் வீட்டை விட்டு வெளிய கொண்டு போகேக்க அதோட ஒரு ஆணியோ கரித்துண்டோ வைச்சுக் கொண்டு போறது எங்கட ஆக்களிட்டை உள்ள வழக்கம். மணத்துக்குப் பின்னால வாறதுகள் வருமாம், இரும்பைக் கண்டா நிக்குமாம். இஞ்ச மின்சார அடுப்பில கரிக்கு எங்க போறது. சுவரில ஆணி அடிக்கவும் வீட்டுக்காரர் விடாயினம், அதால வீட்டில ஆணியும் இல்லை. பவானியிட்டை இருந்தது ஒரே ஒரு ஆணி, ஊரில இருந்து சாமான் வந்த மரப்பெட்டியில கழட்டினது, விரல் நீளம், துருப்பிடிச்சு, தலை ஒரு பக்கம் வளைஞ்சு. கரண்டி வைக்கிற லாச்சிக்குள்ள கிடக்கும். பிறந்தநாளோ சாமத்தியவீடோ, எங்க கறி கொண்டு போனாலும் அந்த ஆணியும் போகும். வீட்டை வந்ததும் கழுவித் துடைச்சு லாச்சிக்குள்ள வைப்பா.

ரெயினில இருக்கேக்க கேட்டன், சுவிஸ் பேய்க்கு எங்கட கறியின்ர உறைப்புத் தாங்குமோ எண்டு. எனக்கு வாற பகிடி அவ்வளவுதான்.

"உங்களோட இவ்வளவு காலம் இருந்தனான், எனக்குத் தாங்கேல்லையோ" எண்டா.

சிரிச்சா. கனநாளைக்குப் பிறகு சிரிச்சா. நான் யன்னலைப் பாத்தன்.

பேர்ண் பழைய ஊர் நீட்டுத் தெருதான். ரெண்டு பக்கமும் கல்லுத் தூண், மேல வளைவு, வளைவுக்குக் கீழ கடையள், மழை பெய்தாலும் நனையாமல் போகலாம். கார்த்திகை மாசம், பத்தடிக்கு அங்கால ஒண்டும் தெரியாத பனிப்புகார். தெரு நடுவில இடைக்கிடை தண்ணித் தொட்டி, அதுகளுக்கு மேல சாயம் பூசின சிலையள். ஒண்டில ஒருத்தன் பிள்ளையைத் தலையோட வாய்க்குள்ள வைச்சுத் தின்னுறான், தோளில தொங்கிற பைக்குள்ள மிச்சப் பிள்ளையள் கிடக்குதுகள். ஊருக்கு நடுவில. சனம் நிண்டு படம் எடுக்குது. பவானி கனநேரம் அதைப் பாத்துக்கொண்டு நிண்டா. நல்ல பசிபோல எண்டா. பிறகு வாங்கோ எண்டு நடந்தா.

பெரிய தேவாலயத்துக்குப் பின்னால, ஆத்துக்கு மேல, மரங்கள் நிக்கிற ஒரு வெளி இருக்கு. சுத்தி இடுப்பளவு கல்லு மதில், எட்டிப் பாத்தா கீழ கன ஆழம். அண்டைக்கு எட்டிப் பாத்தும் வெள்ளைதான், ஆத்துச் சத்தம் மட்டும் கேட்டது. மதிலோட போட்டிருந்த மர வாங்கில இருந்தம். பவானி பையைத் திறந்து ஆணியை எடுத்து மதிலில வைச்சிட்டுப் பெட்டியை என்ர மடியில வைச்சா. நான் தின்னத் தின்னப் பாத்துக்கொண்டு இருந்தா. அவவுக்கு ஒரு துண்டு இறைச்சி எடுத்து நீட்டினன், வாங்கிக் கையில வைச்சிருந்தா, பிறகு திரும்பப் பெட்டிக்குள்ள வைச்சிட்டா.

இப்ப கதைக்கோணும் எண்டு நினைச்சன். மகள் சொன்னது காதுக்குள்ள கிடந்தது. புட்டை விழுங்கிப்போட்டு, இஞ்சரும் எண்டன்.

"ம்?"

"குளிருதோ?"

"இல்லை" எண்டா.

அதோட என்ர கதை முடிஞ்சுது. நெஞ்சுக்குள்ள எல்லாம் கிடந்தது, நீர் போயிட்டா நான் என்ன செய்யிறது எண்டு கிடந்தது. தொண்டைக்கு வரேல்லை.

அந்த நேரம் ஊர் பாக்க வந்த ஒரு கூட்டம், குடை பிடிச்ச ஒருத்திக்குப் பின்னால எங்கட பக்கம் வந்தது. கறி மணத்துக்கு மூக்கைச் சுளிச்சவை. பவானிக்கு உது பிடிக்காது, கெதியாப் பெட்டியை மூடிக் கட்டிக்கொண்டு எழும்பிட்டா. நானும் எழும்பிட்டன். பெட்டியில பாதி இறைச்சி மிச்சம். ஆணி மதிலில.

எங்களுக்கு அது தெரியாது. வளைவுக்குக் கீழால ஹொட்டேலுக்கு நடந்தம். பவானி நாலைஞ்சு தரம் திரும்பிப் பாத்தா. என்னப்பா எண்டு கேக்க ஒண்டுமில்லை எண்டா. பிறகு என்ர கையைப் பிடிச்சா. தெருவில கை பிடிச்சு நடக்கிற ஆள் இல்லை அவ. களைப்பு எண்டு நினைச்சன். நானும் ஒருக்காத் திரும்பிப் பாத்தன். வளைவுக்குக் கீழ சனமே இல்லை. அவ்வளவு நேரமும் இருந்த சனம் எங்க போச்சுது எண்டு அப்ப யோசிக்கேல்லை.

எங்கட அறை மூண்டாம் மாடி, பழைய வீடு, லிப்ற் இல்லை, மரப்படி. ஒரு கட்டில், சின்ன மேசை, ரெண்டு கதிரை, தெருவைப் பாத்த ஒரு யன்னல். பவானி பெட்டியை மேசையில வைச்சுத் திறந்தா. அப்பிடியே நிண்டா. ஆணி எங்க எண்டு கேட்டா.

பையைக் கொட்டிப் பாத்தா. என்ர கோட்டுப் பொக்கற்றைப் பாத்தா. பிறகு கட்டிலில இருந்திட்டா. முகம் வெளிறிப் போச்சு.

"ஆணி இல்லாமல் அவ்வளவு தூரம் வந்திட்டம்."

ஒரு துருப்பிடிச்ச ஆணிக்கு என்னப்பா எண்டன். நாளைக்குக் கடையில நல்லதா ஒண்டு வாங்கித் தாறன் எண்டன். அவ என்னைப் பாக்கேல்லை, கதவைப் பாத்துக்கொண்டு இருந்தா.

"இண்டைக்குப் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ."

வருத்தம் வந்த நாளில இருந்து அவ என்னட்டை ஒண்டும் கேட்டதில்லை. தண்ணி கூடக் கேக்கிறேல்லை. அதால போனன். திறப்பை நான் எடுத்துக்கொண்டு, வெளியால பூட்டிக்கொண்டு போனன், அவ எழும்பி வந்து திறக்கிற கரைச்சல் இருக்கக்கூடாது எண்டு. இதைக் கவனமா நினைவில வையுங்கோ. அறைக்கு ஒரே ஒரு திறப்புத்தான் தந்தவை, அது என்ர பொக்கற்றில.

பின்னேரம், இருட்ட இன்னும் நேரம் இருந்தது. ஆனாப் புகார் இன்னும் தடிச்சுப்போச்சு, தலை, கோட்டு எல்லாம் நனைஞ்சுது. நேர்த் தெரு, வழி தவற இடமில்லை. நம்புறியளோ தெரியேல்லை, நான் வழி கெட்டுப்போனன். நடக்க நடக்க அதே தூண், அதே வளைவு, அதே கடை. பிள்ளை தின்னுற சிலைக்குக் கீழ ரெண்டு தரம் வந்தன். ரெண்டாந் தரம் நிண்டு மூச்சு எடுத்தன். பயம் இல்லை, எரிச்சல்தான். ஒருமாதிரித் தேவாலயத்துக்குப் பின்னால போய்ச் சேந்தன். அந்த வெளியில ஒருத்தரும் இல்லை. வாங்குக்குப் பக்கத்தில மதிலைக் கையால தடவிக்கொண்டு போக, ஆணி கையில பட்டது. வைச்ச இடத்திலயே கிடந்தது, தலை வளைஞ்ச எங்கட ஆணி. எடுத்துப் பொக்கற்றில போட்டன். திரும்பி வரேக்க வழி கெடேல்லை. நேர வந்திட்டன்.

ஹொட்டேல் வாசல் மேசையில வேலைக்கு இருந்த பொம்பிளைப்பிள்ளை என்னைக் கண்டிட்டு படியைப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா. ஏதோ கேக்க வந்து கேக்கேல்லை. நான் வணக்கம் சொல்லிப்போட்டு ஏறினன்.

மூண்டாம் மாடிக்கு வர, எங்கட அறைக்குள்ள ஆம்பிளைக் குரல் கேட்டது. தமிழ். சொல்லுகள் விளங்கேல்லை, ஆறுதலா, நிப்பாட்டாமல், தாலாட்டுற மாதிரிப் போச்சுது. போனில ஏதோ நாடகம் பாக்கிறா எண்டு நினைச்சன். திறப்பைப் போட்டன். குரல் நிண்டது.

கதவைத் திறந்தன். பவானி மேசையில இருந்தா, எனக்கு முகம் தெரியிற மாதிரி. முன்னால மற்றக் கதிரை, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறுமையா இருந்தது. பெட்டி வெறுமை. அவவின்ர கை எல்லாம் எண்ணெய். கண் கலங்கியிருந்தது, ஆனாச் சிரிச்சுக்கொண்டு இருந்தா.

"கை கழுவ ஏன் வெளிய போனியள்? இஞ்ச உள்ளுக்கதானே பைப் இருக்கு" எண்டா.

நான் வாசலில நிண்டன்.

"ஏன் திரும்பக் கோட்டைப் போட்டனீங்கள்? என்ன நனைஞ்சிருக்கிறியள்?"

நான் உள்ளுக்க போய்க் கதவைச் சாத்தினன். குளியலறையைப் பாத்தன். அலுமாரியைத் திறந்தன். கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பாத்தன். யன்னல் உள்ளால பூட்டிக் கிடந்தது. என்ன தேடுறியள் எண்டு கேட்டா. துவாய் எண்டன்.

மேசையில ஒரு கடதாசி விரிச்சு எலும்பு போட்டிருந்தது, ரெண்டு குவியல். அவவின்ர பக்கம் கிடந்தது கடிச்ச எலும்பு, எண்ணெய்ப் பிசுக்கோட. மற்றக் கதிரைப் பக்கம் கிடந்ததைக் கையில எடுத்துப் பாத்தன். பல்லுப் பட்ட அடையாளம் இல்லை. எண்ணெய் இல்லை, மணம் இல்லை. காஞ்சு, வெளுத்து, விரலால அழுத்த மாவாப் போச்சு. அப்பிடி எலும்பு நான் முந்தி பாத்திருக்கிறன், ஊரில, கனகாலம் வெயிலில கிடந்தது. அது அண்டைக்கு விடியப் பொரிச்ச ஆட்டெலும்பு.

பவானி கதைச்சுக்கொண்டு இருந்தா. நான் திரும்பி வந்து ஆணியைக் காணேல்லை எண்டனானாம். போனாப் போகட்டும், இனி அது எங்களுக்கு வேண்டாம் எண்டனானாம். பிறகு பக்கத்தில இருந்து தீத்திவிட்டனானாம். ஒவ்வொரு வாயா.

"இவ்வளவு கதையையும் இவ்வளவு வருஷமும் எங்க வைச்சிருந்தனீங்கள்?"

ஆணி பொக்கற்றுக்குள்ள என்ர கையில இருந்தது. இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

"நான் ஒப்பரேசனுக்குப் போறன்" எண்டா. "நீங்கள் அப்பிடிச் சொன்னாப் பிறகு எனக்கு ஒரு பயமும் இல்லை."

அது நான் இல்லையெண்டு சொல்ல வாய் திறந்தன். வெறும் பெட்டியைப் பாத்தன். மாதக்கணக்கா ரெண்டாவது வாய் வைக்காத மனிசி. வாயை மூடினன். ஆணியை வெளிய எடுக்கேல்லை. துவாயை எடுத்துத் தலையைத் துடைச்சன்.

அண்டு இரவு அவ நல்லா நித்திரை கொண்டா. நான் அந்தக் கதிரையில இருக்கேல்லை. கட்டில் விளிம்பில இருந்து விடியக் கண்டன்.

ஞாயிறு காலமை சாரு வந்தா. வந்ததும் என்னைக் கட்டிப்பிடிச்சா, அழுதா. அவ சின்னவயசுக்குப் பிறகு என்னைக் கட்டிப்பிடிச்சது இல்லை. பவானி குளிக்கப் போன நேரம் பாத்து மெல்லமாச் சொன்னா, நேற்றுப் பின்னேரம் அம்மாவுக்குப் போன் எடுத்தனான், அம்மா மறுமொழி சொல்லாமல் போனை மேசையில வைச்சிட்டா, நீங்கள் கதைச்சுக்கொண்டு இருந்தீங்கள், நான் குழப்பாமல் கேட்டுக்கொண்டே இருந்தனான் எண்டு.

"உங்கட குரலில அவ்வளவு கதை நான் ஒருநாளும் கேக்கேல்லை அப்பா."

"நான் என்ன சொன்னனான்?" எண்டு கேட்டன்.

சிரிச்சா. வெக்கத்தில கேக்கிறன் எண்டு நினைச்சா. தனக்குப் பாதி விளங்கேல்லையாம், பழைய ஊர்த் தமிழாம், கெதியாப் போச்சுதாம். ஒண்டு மட்டும் விளங்கினதாம்.

"அம்மாவைச் சிட்டு எண்டு கூப்பிட்டீங்கள். அது அம்மாவின்ர பேரோ? வடிவான பேர்."

நான் பவானியைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுற ஆள் இல்லை, இஞ்சரும்தான். சிட்டு எண்டு ஒரு பேர் நான் கேள்விப்பட்டதே இல்லை. பிறகு ஒருநாள் கனடாவில இருக்கிற அவவின்ர தமையன் போன் எடுக்கேக்க, கதையோட கதையா விசாரிச்சன். ஓம் மச்சான், ஆறேழு வயசு மட்டும் வீட்டில அவளைச் சிட்டு எண்டுதான் கூப்பிட்டது, பிறகு எல்லாரும் விட்டிட்டம், உங்களுக்கு ஆர் சொன்னது எண்டு கேட்டார். பவானி எண்டன்.

திங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனம். கட்டிலில வைச்சுத் தள்ளிக்கொண்டு போகேக்க என்னைக் கிட்டக் கூப்பிட்டா. பயந்த முகம் இல்லை, எங்கயோ கலியாண வீட்டுக்குப் போற முகம்.

"சொன்னதை மறந்திடாதேங்கோ."

"ஓம்" எண்டன்.

பக்கத்தில மகள் நிண்டா, தாதிமார் நிண்டவை. வேற என்னத்தைச் சொல்லுறது.

ஒப்பரேசன் நல்லா முடிஞ்சுது. கட்டி முழுக்க எடுத்தாச்சு எண்டு டொக்டர் சொன்னார், இவவின்ர மனஉறுதி பெரிசு, உங்களோட கனக்கக் கதைச்சதாச் சொன்னவ எண்டு எனக்குக் கையும் தந்தார். நான் கையைக் குடுத்தன்.

இப்ப நீங்கள் சொல்லுவியள், பதட்டத்தில நீயே போய் இருந்து கதைச்சுப்போட்டு மறந்திட்டாய் எண்டு. வேலையில ஒரு தமிழ்ப் பொடியன்தான் இருக்கிறான், அவனிட்டை வேற ஆருக்கோ நடந்ததாச் சொல்லிப் பாத்தன், அவனும் அதைத்தான் சொன்னவன். இருக்கலாம் எண்டு நானும் கனதரம் யோசிச்சன். அப்ப ஆணியை எடுத்தது ஆர்? தெருவில ரெண்டு தரம் சிலைக்குக் கீழ நிண்டது ஆர்? நான்தான் கதைச்சனான் எண்டா, அந்தக் கதையில ஒரு சொல்லாவது எனக்குத் தெரிய வேண்டாமோ?

வீட்டை வந்தாப் பிறகு பவானி தேறிட்டா. மயிர் முளைச்சுது. சாப்பிடுறா, என்னை விடக் கூடச் சாப்பிடுறா. சந்தோசம் இல்லை எண்டு நான் சொல்லமாட்டன். ஆனாச் சாப்பிட்டு முடிய எனக்கு முன்னால இருந்து என்ர வாயைப் பாத்துக்கொண்டு இருப்பா. அண்டைக்கு மாதிரி ஒருக்காக் கதையுங்கோவன் எண்டு கேட்டிருக்கிறா. ஒருநாள் கதைச்சும் பாத்தன். இஞ்சரும் எண்டன். பிறகு, குளிருதோ எண்டன். விழுந்து விழுந்து சிரிச்சா. விடுங்கோ, ஒருக்காச் சொன்னதே எனக்குக் காணும் எண்டா.

கறி கொண்டு போகேக்க அவ இப்ப ஆணி வைக்கிறேல்லை. ஆணி காணாமல் போச்சு எண்டுதான் அவ இண்டைக்கும் நினைக்கிறா. ஒருக்கா நான் கடையில புது ஆணி வாங்கிக்கொண்டு போய் லாச்சிக்குள்ள வைச்சன். அடுத்தநாள் அது குப்பைக்குள்ள கிடந்தது. நீங்கள்தானே வேண்டாம் எண்டனீங்கள் எண்டா.

என்ன சொன்னது அது, என்ன வாக்குக் குடுத்தது எண்டு அவவிட்டைக் கேக்கலாம்தான். எப்பிடிக் கேக்கிறது? கேட்டா அது நான் இல்லையெண்டு தெரிஞ்சிடும். அந்தச் சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் அவ உயிரோட வந்தவ. அதை நான் இழுத்து எடுத்தா என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பா? அதால, மறக்கேல்லைத்தானே எண்டு அவ இடைக்கிடை கேக்கேக்க, நான் இல்லை எண்டுவன். அப்பிடியே ரெண்டு வருஷம் போகப்போகுது.

போன கிழமை வேலை முடிஞ்சு வீட்டை வர, கட்டிலில அவவின்ர கூறைச்சேலை விரிச்சுக் கிடந்தது. எங்கட ஆக்களில புருசன் இருக்க மனிசி செத்தா, அந்தக் கலியாணக் கூறையைத்தான் உடுத்தி அனுப்புறது. வருத்தம் திரும்பேல்லை, போன மாசம் பாத்த டொக்டரும் நல்லா இருக்கு எண்டுதான் சொன்னவர். கூறைக்குப் பக்கத்தில என்ர கலியாண வேட்டி சால்வை. மினுக்கி, வடிவா மடிச்சு வைச்சிருந்தா. நான் பாத்துக்கொண்டு நிக்க, ரெண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டா ஒரே பைக்குள்ள வைச்சா. ஏதோ பாட்டும் முணுமுணுத்துக்கொண்டு இருந்தா.

"ரெண்டாவது கார்த்திகை வருதெல்லோ" எண்டா. "ரெண்டுபேரும் ஒண்டா எண்டு சொன்னது சொன்னதுதானே?"

கோட்டுப் பொக்கற்றுக்குள்ள கை வைச்சன். ஆணி கிடந்தது.

ஓம் எண்டன்.